மூச்சிழுக்கும் வாய்

கிணற்றின் பாதி ஆழத்தில், பாறைத் திட்டின் மேல் டீசல் எஞ்சின் இருந்தது. அதற்கும் கீழே, காளியப்பன் நீரை உறிஞ்சும் குழாயின் அடியை அடைத்த சேற்றை அகற்றிவிட்டு, இடுப்பளவு நீரில் நின்றான். அவன் குழாயை ஒருமுறை தட்டினால் எஞ்சினை ஓட்ட வேண்டும். இருமுறை தட்டினால் நிறுத்த வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கும் எஞ்சினருகே நிற்கும் தெய்வானைக்கும் கிணற்றுக்குள் இதுதான் பேச்சு.

ஒருமுறை தட்டினான். "கை ஓஞ்சு போச்சா புள்ள?" என்று கேலிக் குரலும் வந்தது.

"நீங்க வாயை மூடுனா கை தன்னால சுத்துமுங்க."

எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பில் பிடி தளர்ந்தது. அது முழுச்சுற்று வராமல் எதிர்ப்பக்கம் உதறியது. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. சத்தம் எப்போதும்போலத்தான் இருந்தது. ஆனால் மேலே வயலுக்கு நீண்டிருந்த புகைக்குழாயில் புகையே இல்லை.

"இது திருப்பிச் சுத்தாதுங்களா?" என்று போன ஆடியில் கேட்டிருந்தாள்.

"சுத்தும். அப்ப மூச்சிழுக்கற வாயில புகையத் துப்பும்" என்று அவள் கன்னத்தில் கிரீஸைத் தடவிவிட்டு ஓடியிருந்தான்.

காற்றை இழுக்கும் வாய் கிணற்றுக்குள்தான் திறந்திருந்தது. கறுப்புப் புகை கீழே நீரை மறைத்துவிட்டிருந்தது. டீசலை அடைத்தாள். சக்கரம் தவறான பக்கமாகவே சுற்றிச் சுற்றி, மெல்ல நின்றது.

"ஏனுங்க... சத்தங்குடுங்க!"

குழாயை ஒருமுறை தட்டும் ஓசை வந்தது.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றொரு கையைக் குழாயிலிருந்து எடுக்காமல், இரண்டாவது தட்டலுக்காக அவள் புகைக்குள் படியிறங்கினாள்.