ஒரு ஜோடி மிச்சம்

கலால் இன்ஸ்பெக்டர் கண்டெய்னருக்கு சீல் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போன பிறகுதான் அந்தச் செருப்பைப் பார்த்தேன்.

ஷெட் வாசலில், ஐப்பசித் தூறலில், ஒரு ஜோடி. நீல வார், புதுசு. தையல்நாயகியுடையது.

எங்கள் இறால் கம்பெனியில் பெண்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கம்பெனி கொடுக்கும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டுதான் கண்டெய்னருக்குள் ஏறுவார்கள். வேலை முடிந்தால் பூட்ஸ் பலகைக்குத் திரும்பும், செருப்பு வீட்டுக்குப் போகும். அன்று எல்லோரும் மழைக்குப் பயந்து கிளம்பிவிட்டிருந்தார்கள்.

பலகையில் எண்ணிப் பார்த்தேன். பூட்ஸிலும் ஒரு ஜோடி குறைந்தது.



தையல்நாயகி ஒல்லி. அதனால் அவளுக்கென்று ஒரு வேலை வைத்திருந்தோம். குளிர்காற்று ஓடுவதற்காகப் பெட்டிகளுக்கு மேல் ஒன்றரை அடி விட்டுத்தான் அடுக்குவோம். கடைசியில் அவள் அந்த இடுக்கில் தவழ்ந்து போய், சரிந்த பெட்டிகளை நேராக்கிவிட்டு வருவாள்.

அன்றைக்கும் ஏறினாள். இறங்கியதை நான் பார்க்கவில்லை. கதவைச் சாத்தியது நான்.

உள்ளே மைனஸ் பதினெட்டு. தட்டினாலும் மோட்டார் சத்தத்தில் வெளியே கேட்காது.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். காலையில் மெட்ராஸில் கப்பல். அதை விட்டால் மார்சேய்க்கு அடுத்த கப்பல் பத்து நாள் கழித்துத்தான்.

நான் லாரிக்கு முன்னால் போய் நின்றேன்.

முதலாளி எத்மோன் குடையோடு ஓடி வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஆளை அதட்டும்போது அந்தப் பட்டாளம் இன்னும் எட்டிப் பார்க்கும். கொச்சியில் இதே கண்டெய்னர் ஏற்றும் மேஸ்திரி வேலை பார்த்தவன் என்பதற்காகத்தான் என்னைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார்.

“அவ வீட்டுக்குப் போயிருப்பாய்யா செல்வநாதா. சீலை உடைச்சே, இன்னையோட உனக்கு இங்க வேலை கிடையாது.”

வீட்டுக்குத்தான் போயிருப்பாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவள் ஊரான நெரவிக்கு ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும்.

சீல் கம்பியை வெட்டினேன்.

டார்ச்சோடு ஏறி, அந்த இடுக்கில் கடைசிச் சுவர் வரைக்கும் தவழ்ந்தேன். நான் ஒல்லியில்லை; சட்டை கிழிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பெட்டிகள். பெட்டிகளுக்கு மேல் வெள்ளையாகப் புகை. வேறு ஒன்றும் இல்லை.

இறங்கியபோது முதலாளியும் டிரைவரும் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மறுபடி சீல் வைக்க இன்ஸ்பெக்டர் அன்றைக்குக் கிடைக்கவில்லை. கப்பல் போய்விட்டது. என் வேலையும் அதோடு போய்விட்டது.

மறுநாள் காலை, விட்டுவந்த சாப்பாட்டுத் தூக்கை எடுக்கக் கம்பெனிக்குப் போனேன். வாசலில் தையல்நாயகி நின்றிருந்தாள். காலில் கம்பெனி பூட்ஸ், முழங்கால் வரை சேறு. விஷயம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது.

“வரப்பெல்லாம் சேறுண்ணே. புதுச் செருப்பு பாழாயிடுமேன்னு பூட்ஸோடயே போயிட்டேன்” என்று அழுதாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வேலை போனவனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது என்று எனக்கே தோன்றியது.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: “செருப்பு கிடந்துச்சுன்னா ஓரமா எடுத்து வச்சிருக்கலாம்லண்ணே? அதுக்குப் போயி வேலைய விடுவாங்களா?”

கொச்சியில் அப்படித்தான் செய்தேன்.

அங்கேயும் மழை. அங்கேயும் கண்டெய்னர் போன பிறகு வாசலில் ஒரு ஜோடி மிஞ்சியிருந்தது. நனையாமல் எடுத்து, துடைத்து, காலையில் வந்து கேட்பாள் என்று ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கண்டெய்னரைப் பதினாறாம் நாள், கடலுக்கு அந்தப் பக்கம் திறந்தார்கள்.