நாக்கில் கட்டிய கயிறு

"இருநூறு வருஷத்து மணி ஃபாதர்! தகர டப்பா மாதிரி சத்தம் போடுது. இவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க!"

மணிக்கூண்டில் நின்றுகொண்டு சபைச் செயலாளர் எகிறினார். மணியடிப்பவர் மூலையில் தலைகுனிந்து நின்றார். வேலை போனால், கோயில் கொடுத்திருந்த வீடும் கூடவே போய்விடும்.

மணி வார்க்கும் பட்டறையிலிருந்து வந்தவர், மணிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கீறல்தான். உருக்கி வார்த்தா இந்தக் குரல் வராது ஃபாதர். கீறலைப் பத்த வெச்சு ஒட்டிப் பார்க்கலாம். ஆனா இது வயசால வந்த கீறல் இல்ல."

"பின்னே?" என்றார் பாதிரியார்.

"மணியைத்தான் ஆட்டணும். யாரோ உள்ள தொங்குற நாக்குல கயித்தைக் கட்டிக் கீழ இருந்து இழுத்திருக்காங்க. நாக்கு அடிச்சதும் விலகணும். இழுத்துப் பிடிச்சா வெண்கலத்துல கீறல் விழும், அப்புறம் அடிக்க அடிக்க வளரும். இதோ, கயித்துத் தடம்."

அதுவரை வாய் ஓயாத செயலாளர் மெல்ல ஓரமாக நகர்ந்தார்.

"நான்தாங்க கட்டினேன்" என்றார் மணியடிப்பவர். "தோள்பட்டை வலி. ஆட்ட முடியல."

"இருபது வருஷம் அடிச்ச உங்களுக்கா இது தெரியாது?" மனசில்லாமல், வேலைநீக்கக் கடிதம் எழுதக் கீழே இறங்கினார் பாதிரியார். பட்டறைக்காரரும் பின்னாலேயே போனார்.

செயலாளர் கிட்டே வந்தார். 'அவன் இவன்' எல்லாம் எங்கே போனதோ!

"அண்ணே, போன வருஷம் நீங்க லீவுல இருந்தப்ப, என் பொண்ணு கல்யாணத்துக்குக் கயிறு கட்டி இழுத்தது நான். ஆட்டத் தெரியாம... உங்களுக்குத் தெரியுமா?"

"வந்து அவிழ்த்ததே நான்தானேங்க."

"அப்புறம் ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"உங்க பாப்பா மாசமா இருக்குது. அது கல்யாணத்துலதான் மணியில கீறல் விழுந்துச்சு, அபசகுனம்னு நாலு பேர் பேசினா தாங்குமா? நான் எங்கேயாவது பொழைச்சுக்குவேன்."

செயலாளருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். 'அப்பாடா' என்று மூச்சுவிட்ட பிறகுதான், அந்த மூச்சை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கீழேயிருந்து பாதிரியார் குரல் கொடுத்தார். "செயலாளரே! எத்தனை நாள்ல வீட்டைக் காலி பண்ணச் சொல்லி எழுதட்டும்?"

"எழுதாதீங்க ஃபாதர்!" தடதடவென்று படியிறங்கினார் செயலாளர். "அந்தக் கடிதத்துல இருக்க வேண்டியது என் பேரு!"