பழைய எண்

கணவனின் இரகசியத்தைக் கண்டுபிடித்தபோது ஸ்ரீவித்யா அவனுடைய தோளில்தான் சாய்ந்திருந்தாள். மாலை நேர மின்தொடர் வண்டி பல்லாவரத்தைக் கடந்து குரோம்பேட்டையை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய கைப்பேசியில், நிகிலின் பழைய எண்ணுக்குக் கீழே 'ஆன்லைன்' என்னும் சொல் ஒளிர்ந்தது. திருமணத்தோடு அந்த எண்ணை விட்டுவிட்டதாக அவன் கூறி இருபத்து மூன்று நாள்களே ஆகியிருந்தன.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிகிலின் கைப்பேசி அவனுடைய சட்டைப்பையில் உறங்கிக்கொண்டிருந்தது. அவனோ இரு கைகளையும் கட்டிக்கொண்டு, எதிரே ஒட்டியிருந்த வீட்டுமனை விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

"நிகில், உன் பழைய நம்பர் என்ன ஆச்சு?"

"எது? ஓ, அதுவா. அது இப்ப இல்ல."

"யார்கிட்டயாவது குடுத்துட்டியா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏழு மாதங்கள் அவளைக் காதலித்தது அந்த எண்தான். அப்போது புனேயில் பணியாற்றிய நிகில், நிச்சயம் முடிந்ததும் ஞாயிறுதோறும் அலுவலக எண்ணிலிருந்து வீடியோவில் தோன்றுவான். புன்னகைப்பான், தலையசைப்பான், பத்தே நிமிடங்களில் விடைபெறுவான். மற்ற நாள்களில் பழைய எண்ணிலிருந்து மனம் திறந்து எழுதுவான். சிலருக்குப் பேச்சு வராது, எழுத்துத்தான் வரும் என்று அவள் நம்பினாள்.

ஒருமுறை மாதவிலக்கு வலியில் அவள் துடித்தபோது, "மோர்ல வெந்தயம் ஊறப் போட்டுக் குடி. அரை மணியில கேக்கும்" என்று செய்தி வந்தது. அலுவலகத் தோழி ஜான்சி அதைப் படித்துவிட்டு வாய் பிளந்தாள். "எங்க வீட்டு ஆளுக்கு வெந்தயம் எது, கடுகு எதுன்னே தெரியாதுடி. உனக்கு அடிச்சது பாரு லக்கு!"

நண்பகல்தோறும் ஸ்ரீவித்யா, "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். மூன்று மணிக்கு மேல்தான் பதில் வரும். "இன்னும் இல்ல. வேலை முடியல." இப்படி வேலை வாங்கும் அந்த அலுவலகத்தை அவள் மனதாரச் சபித்ததும் உண்டு.

திருமணத்தோடு ஊருக்கே மாற்றலாகி வந்த பிறகு, அலுவலக எண்ணிலிருந்து அவன் அனுப்பியவை இரண்டே சொற்கள். ஒன்று 'ஓகே'; மற்றொன்று 'லேட்'.

"நிகில், வெந்தய மோர் ஞாபகம் இருக்கா?"

"அது எந்த ஹோட்டல்ல?" என்றான் அவன்.

அவள் பழைய எண்ணைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்று அனுப்பினாள். நிகிலின் சட்டைப்பை சிறிதும் அசையவில்லை. ஆனால், இரண்டு நீலக் குறிகள் எழுந்தன. 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது, மறைந்தது. மீண்டும் வந்தது, மறைந்தது.

யாரோ ஒருத்தி. தன் ஏழு மாதத்து அந்தரங்கத்தை அவள் உள்ளங்கையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

சானடோரியம் நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் சிட்லபாக்கத்து வீட்டைச் சேரும்வரை ஸ்ரீவித்யா ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் பேசாததை நிகில் கவனிக்கவும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு இன்றே கீழ்க்கட்டளைக்கு, அம்மா வீட்டிற்குப் போய்விடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

கூடத்தில் மாமனார் பட்டாபிராமன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். நிகில் குளிக்கச் சென்றான். சமையலறையில் மாமியார் காமு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சொல்லிக்கொண்டு போகலாம் என்று சமையலறை வாசல்வரை வந்தவள் அங்கேயே நின்றாள். போவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். "யார் நீ?" என்று எழுதி அனுப்பினாள்.

துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து 'டிங்' என்று ஓசை வந்தது.

கீரை ஆய்ந்த கை அப்படியே நின்றது. ஸ்ரீவித்யா டப்பாவை நகர்த்தி, அங்கிருந்த பழைய கைப்பேசியை எடுத்தாள். திரையில், நான்கு மாதங்களுக்கு முன் அவள் எழுதிய செய்தி திறந்தபடி இருந்தது.

"அத்தை... நீங்களா?"

"மெதுவாப் பேசும்மா. அவன் எல்லாத்துக்கும் 'ஓகே', 'ஓகே'ன்னு அனுப்பி ரெண்டு வரன் தட்டிப்போச்சு. 'உங்க பையன் ஒழுங்கா ரிப்ளையே பண்றதில்ல ஆன்ட்டி'ன்னு அந்தப் பொண்ணுங்களே சொல்லிட்டாங்க. மூணாவதா நீ வந்தே. உன்னையும் விட எனக்கு மனசு வரல."

"நிகிலுக்குத் தெரியுமா?"

"'நீயே பேசிக்கோம்மா, என்னை விடு'ன்னு சொன்னதே அவன்தான்."

ஸ்ரீவித்யா கைப்பேசியை மேடைமேல் வைத்தாள். குளியலறையில் நீர் கொட்டும் ஓசை கேட்டது. அங்கே குளித்துக்கொண்டிருந்தவன் யாரென்றே தனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"அதான் கல்யாணம் முடிஞ்சு போச்சே அத்தை. நினைச்சது நடந்துடுச்சுல்ல? அப்புறமும் எதுக்கு இதை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

காமு பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூடத்திலிருந்து, காலி டம்ளருடன் ஒரு கை மட்டும் சமையலறையை நோக்கி நீண்டது. தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பாமலேயே, "காபி" என்றார் பட்டாபிராமன்.

காமு எழுந்து அந்த டம்ளரை வாங்கி வந்தாள். அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். பிறகு, மருமகளின் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"முப்பத்தாறு வருஷத்துல, 'சாப்பிட்டியா'ன்னு என்னைக் கேட்டது நீ ஒருத்திதாம்மா."