பதினெட்டு பவுண்டு பெடல்

"அந்தப் பக்கம் திருப்பாத. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம்," என்றாள் லவ்ரி.

"எனக்கேவா சொல்லித் தர்ற?"

"இருபது வருஷமா ஓட்டுற. ஒவ்வொரு தடவையும் கழட்டுறேன்னு இறுக்கிக்கிட்டுதான் இருக்க."

அவள் கணவன் இயோலோ ஸ்பானரை மறுபக்கம் திருப்பினான். பழைய பெடல் உடனே கழன்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

மாட்டப்போகும் பெடல்களும் பழசுதான். லான்பெரிஸ் ஞாயிற்றுச் சந்தையில் ஒருவர் கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்றவை. பதினெட்டு பவுண்டு.

"புதுசே வாங்கியிருக்கலாம்," என்றாள் லவ்ரி.

"நூத்திருபது பவுண்டுக்கா? அந்தக் காசுல ஒரு மாசம் ஹீட்டர் ஓடும். தேய்ஞ்ச முள்ளையெல்லாம் எடுத்துட்டுத் திருகாணி போட்டிருக்கேன், பாரு. ஷூவைக் கவ்விக்கும். விடாது."

"விட்டுச்சுன்னா?"

"சைக்கிளை வித்துடு. சொன்னா சொன்னதுதான்."

லவ்ரி தலையாட்டினாள். அந்த மாதம் மட்டும் நான்கு முறை அவன் இடது கால் பெடலிலிருந்து நழுவியிருந்தது. நான்காவது முறை, கல்குவாரிச் சரிவின் விளிம்பில்.

மழை விட்டிருந்தது. இயோலோ முற்றத்தில் ஏறி மிதித்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. லவ்ரி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மூன்றாவது சுற்றில் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறிக் குதித்தது. இடது கால் நழுவியது. பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே அறைந்தது.

"ஆ!"

அவன் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். லவ்ரி ஓடினாள். கால்சட்டை கிழிந்து, வரிசையாக நாலு புள்ளி ரத்தம்.

"சரி, சரி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "தோத்துட்டேன். வித்துடு."

"சைக்கிள் கெடக்கட்டும். எங்க வலிக்குது?"

"பார்த்தா தெரியல? இங்கதான்."

அவள் காயத்தின் ஓரத்தில் விரலை அழுத்தினாள்.

"ஏய்! கொல்லாதடி! எரியுது!"

அவள் இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தினாள். அவன் மறுபடி கத்தினான். லவ்ரி சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

இயோலோ அவளைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"லவ்ரி," என்றான் மெதுவாக. "இன்னொரு தடவை அழுத்து."

போன அக்டோபரில் முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து, மருத்துவர்கள் எத்தனை ஊசி குத்தியும் அந்தக் காலில் அவனுக்கு எதுவுமே உறைத்ததில்லை.