மணலுக்கு வந்தது

காத்தாயி உப்புச் சதுப்பின் சேற்றில் புழு பிடித்து இறால் பண்ணைக்குத் தீனியாகக் கொடுத்துப் பிழைத்தவள். புயல் அந்தச் சேற்றின் மேல் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போனது. எங்கே தோண்டினாலும் புழு இல்லை. ஊரே செங்கல் சூளைக்குப் போனது. அவள் போகவில்லை. நண்டு பிடித்துக் காலம் தள்ளியபடி மணலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். மறுவருடம் விரலில் மட்டிச் சிப்பி தட்டுப்பட்டது.

சூளை லாரி மறுபடி வந்தபோது, நீர் சொட்டும் கூடையுடன் அதன் எதிரே நிமிர்ந்து நடந்து வந்தாள்.

"சேறுதான் போச்சே, இன்னும் அங்க என்னாத்தத் தேடுற?" என்றார் சூளைக்கு ஆள் ஏற்ற வந்த மேஸ்திரி.

"சேத்துல இருந்தது மணல்ல இருக்காது மேஸ்திரி. மணலுக்குன்னு வேற வரும். வந்துடுச்சி." கூடை நிறைந்த மட்டியைச் சாய்த்துக் காட்டினாள்.

லாரியில் ஏறியிருந்த தங்கை அஞ்சலை எட்டிப் பார்த்தாள். பிறகு தன் துணி மூட்டையைக் கீழே போட்டாள்.