வாய் திறக்காத ஐயாவு

"ஒன் மகளை எனக்கு ரெண்டாந்தாரமாக் கட்டிக் குடு. இல்லாட்டி, தொரைகிட்டச் சொல்லி இன்னைக்கே லயத்தைக் காலி பண்ண வெச்சிருவேன்!"

சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயமே கூடி நிற்க, ஐயாவுவின் வாசலில் நின்று கத்தினார் கூலிகளை மேய்க்கும் வீரமலைக் கங்காணி.

கங்காணியைக் கண்டாலே பதறி எழும் ஐயாவு, இன்று கம்பளியைப் போர்த்திச் சுவரில் சாய்ந்தபடி அவரையே வெறித்தான். காய்ச்சல்காரனுக்கு இவ்வளவு திமிரா? நேரம் போகப் போகக் கங்காணிக்கு வேர்த்தது.

"மொறைக்காதப்பா... பொண்ணு வேணாம், விடு."

"சத்தியம் பண்ணுங்க," என்றாள் ஐயாவுவின் மனைவி காளியம்மா.

"மாரியாத்தா மேல சத்தியம்! ஏதாச்சும் பேசு, ஐயாவு!"

உள்ளே போய்த் தோளைத் தொட்டார். ஐயாவு கட்டையாகச் சரிந்தான்.

"விடியுறப்பவே போயிட்டாரு," என்ற காளியம்மா, மறைவில் வாய்க்குள் முந்தானையை அடைத்திருந்த மகளிடம் திரும்பினாள்.

"சத்தியம் வாங்கியாச்சு. இனி அழு, தாயி."