வெந்த குளம்பு

கெர்ரி மாவட்டத்துப் பண்ணையொன்றில் விடாமல் தூறும் மதியம். அளவுமீறிய கொழுத்த தீனியால் குளம்பின் உட்சதை வெந்து வீங்கி ஆறு வாரம் படுத்துக் கிடந்த குதிரை, தகரக் கொட்டிலில் இப்போது மூன்று காலில் நிற்கிறது. நாலாவது காலை மடியில் ஏந்தி ஓர்லா துணிக்கட்டை அவிழ்க்கிறாள். கறுத்த சீழ், அழுகிய மீன் நாற்றத்தோடு அவள் மணிக்கட்டில் வழிகிறது. வாசலில் கணவன் ஃபெர்கல் மூக்கைப் பொத்துகிறான். “சீ! எப்படித்தான் தொடுறியோ!” “வாளி வாளியா ஓட்ஸ் கொட்டுனப்ப மட்டும் மணந்துச்சா?” “பசியில நின்னுச்சு, பாவம். இப்பவும் பாரேன், எப்படி ஏங்குது!” கோட்டுப் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து நீட்டுகிறான். குதிரையின் உதடு துடித்து நீள்கிறது. ஓர்லா சீழ் வழியும் கையாலேயே பழத்தைப் பிடுங்குகிறாள். அவன் கண்ணைப் பார்த்தபடி, தானே கடித்து மெல்லுகிறாள்.